பச்சையம் குறைந்த பார்லி

1930களின் தொடக்கம். வேதியியலுக்கு 1929இல் நோபல் பெற்றிருந்த ஹான்ஸ் வான் ஆய்லர்-செல்பின், ஸ்டாக்ஹோமில் பச்சையம் குறைந்த பார்லிப் பயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றில் கிராமின் என்றொரு பொருள் கிடைத்தது. அதைச் செயற்கையாகச் செய்து பார்க்க முனைந்த ஹோல்கர் எர்ட்மனுக்குக் கிடைத்தது கிராமின் அல்ல, அதே சாயலில் வேறொன்று. வேலை கெட்டது என்று கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரோ அதைத் துளி எடுத்து ருசி பார்த்தார்.

நாக்கு மரத்துப்போனது.

மாணவர் நில்ஸ் லோஃப்கிரெனைச் சேர்த்துக்கொண்டு அதே வகைப் பொருள்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். அப்போது புழக்கத்தில் இருந்த மரப்பு மருந்தான புரோக்கேனை எதுவும் மிஞ்சவில்லை. எர்ட்மன் விலகினார்; லோஃப்கிரென் விடவில்லை. 1943இல் ஒரு சேர்மம் தேறியது. பெங்ட் லுண்ட்குவிஸ்ட் என்ற இளைஞர் மருத்துவப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அந்த மருந்தைத் தன் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுச் சோதித்தார். அதுதான் லிடோக்கேன். 1948இல் அஸ்ட்ரா நிறுவனம் அதைச் சைலோக்கேன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. லுண்ட்குவிஸ்ட் முப்பது வயதை ஒட்டி இறந்துபோனார்.

மருந்து உலகையே சுற்றிவந்தது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊசி வலியை மறக்கடிக்கும் அந்த மருந்தையே ஊசியால்தான் உள்ளே செலுத்த முடிந்தது!

இதற்கிடையே குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் வலுத்தது. சென்னையின் அடையாறு புற்றுநோய் நிலையமும் 1960களிலேயே குழந்தைகளைத் தனிக் கவனத்துடன் பார்க்கத் தொடங்கியது. பிழைக்கும் குழந்தைகள் கூடக் கூட, ஊசிகளும் கூடின. ரத்தப் பரிசோதனைக்கு, கீமோவுக்கு, எலும்பு மஜ்ஜைக்கு, முதுகுத்தண்டு நீருக்கு என்று இரண்டு வருடத்துக்கும் மேலாக. புற்றுநோயை எதிர்த்து நிற்கும் குழந்தை, ஊசித் தட்டைப் பார்த்ததும் அலறியது. அந்த அலறலை வைத்தியத்தின் ஒரு பகுதி என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் பெரிய கொடுமை.

தோலின் மேலே பூசினால்? பொடியாக இருந்த லிடோக்கேன் தோலைத் தாண்டவில்லை. அது உருக 68 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன் உறவுப் பொருளான பிரிலோக்கேன் உருக ஏறத்தாழ 38 டிகிரி. ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டையும் சம அளவில் கலந்தார்கள். எந்தச் சூடும் இல்லாமல், அறை வெப்பத்திலேயே இரண்டு பொடிகளும் எண்ணெயாக இளகின!

அந்த எண்ணெயைக் களிம்பாக்கி, தோலில் பரிசோதித்த முடிவுகள் 1980இல் வெளிவந்தன. அமெரிக்கா 1992இல் அனுமதித்தது.

எம்லா என்றும், இந்தியக் கடைகளில் ப்ரைலாக்ஸ் என்றும் சின்ன டியூபில் கிடைக்கும் வெள்ளைக் களிம்பு அதுதான். அந்தமானின் டெலானிபூரிலிருந்து விமானத்திலோ மூன்று நாள் கப்பலிலோ சென்னைக்குச் சிகிச்சைக்கு வரும் குழந்தைக்கும் அது பயன்படும். புறங்கையில் ரத்த நாளம் தெரியும் இடத்தில் தடிமனாக வைத்து, தேய்க்காமல், மேலே பிளாஸ்டிக் ஒட்டு ஒட்டி ஒரு மணி நேரம் விட வேண்டும். துடைத்தெடுக்கும்போது தோல் வெளிறியிருக்கும். மஜ்ஜை வரை போகும் ஊசிக்கு அது மட்டும் போதாது. அங்கே மயக்க மருந்தும் வேண்டும். மருத்துவமனையின் அவசரத்தில் அந்த ஒரு மணி நேரம் தவறிப்போகாதிருக்க, டாக்டர் எழுதித் தந்த அளவில், தங்கியிருக்கும் அறையிலேயே தாய் பூசிவிட்டுக் கிளம்பலாம்.