சலனப்படப் பிம்பத்தின் தரம்: ஃபிலிமும் டிஜிட்டலும்

சலனப்படத்தில் பிம்பத்தின் தரம் என்று வழங்குவது ஒரே குணம் அன்று. நுண்ணிய விவரம், பேரொளியிலிருந்து காரிருள் வரையுள்ள படிகளைத் தாங்கும் சக்தி, வர்ணங்களின் செழுமை, திரையில் அசையாது நிற்கும் ஸ்திரம் முதலிய பல குணங்களின் கூட்டுப்பெயராகும். ரசாயனப் பூச்சுள்ள ஃபிலிமில் எடுத்த படமோ, மின்னணு உணரியில் பதிந்த டிஜிட்டல் படமோ, இரண்டில் எது உயர்ந்தது என்னும் விவாதம் கால் நூற்றாண்டாகத் தீராமல் நிற்பதற்குப் பிரதான காரணம், ஒரு சாரார் ஃபிலிமின் மூல நெகடிவையும் மறு சாரார் தியேட்டரில் தாம் கண்ட திரையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வாதிடுவதே எனலாம்.

ஃபிலிமில் ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் ஸ்படிகங்கள் விரவிக் கிடக்கின்றன. வர்ண ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளைத் தனித்தனியே ஏற்கும் அடுக்குகள் உண்டு. லேபில் கழுவி முடிக்கையில் வெள்ளி முழுவதும் அகற்றப்பட்டு, அது இருந்த இடத்தில் சாயத் திட்டுகள் மட்டும் எஞ்சுகின்றன. கிரெயின் என்று ஒளிப்பதிவாளர் குறிப்பிடுவது இத்திட்டுகளின் மணித்தன்மையையே. இத்துகள்கள் ஒரு ஃபிரேமில் அமைந்தவாறு அடுத்த ஃபிரேமில் அமைவதில்லையாதலால், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது கண் அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து, தனி ஃபிரேம் எதிலும் இல்லாத நுட்பத்தைக் கண்டுகொள்ளுகிறது. ஒரே ஒரு ஃபிரேமை நிறுத்தி வைத்து ஃபிலிமின் தரத்தை அளப்பவர் ஏமாந்துபோவது இதனாலேதான்.

டிஜிட்டல் உணரியிலோ ஒளியை ஏற்கும் புள்ளிகள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல் இடம் பெயராமல் வரிசையாக நிற்கின்றன. இன்று பெருவழக்காயுள்ள ஒற்றை உணரிக் கேமராக்களில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வர்ணத்தையே அறியும். பாதி பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்க, மற்ற வர்ணங்களை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்தே நிரப்புகின்றனர். ஆகவே 4கே என்னும் எண் படத்தின் குறுக்கேயுள்ள புள்ளிகளின் தொகையைச் சொல்லுமேயன்றி, கண்ணுக்கு எட்டும் விவரத்தின் அளவைச் சொல்லாது.

இவ்விரண்டின் சுபாவமும் தெளிவாகப் பிரிவது பேரொளியில்தான். ஜன்னலுக்கு வெளியேயுள்ள வெயிலையோ எரியும் விளக்கின் திரியையோ படமெடுக்கையில் நெகடிவ் சிறிது சிறிதாகத் தெவிட்டி, வெண்மைக்குள்ளும் படிகளைக் காத்துவைக்கிறது. உணரியோ நிரம்பிய குடத்தைப் போல அதற்குமேல் ஒன்றும் கொள்ளாமல் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. நெகடிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒளி காட்டிப் பழகிய ஒளிப்பதிவாளர்கள் டிஜிட்டலுக்கு வந்தபோது அப்பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இருளிலோ வெற்றி மறுபக்கத்தைச் சேர்ந்தது. மைக்கேல் மான் இயக்கி 2004இல் வெளிவந்த கொலேட்டரல் படத்தின் பெரும்பகுதி டிஜிட்டலில் எடுக்கப்பட்டதற்கு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இரவு வானின் மங்கிய ஒளியையும் பதிவுசெய்ய வேண்டும் என்ற நோக்கமே காரணம்.

நெகடிவில் இருந்தது அனைத்தும் ரசிகனை அடைந்ததா என்றால், இல்லை. நெகடிவிலிருந்து இன்டர்பாசிடிவ், அதிலிருந்து இன்டர்நெகடிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கையில் ஒவ்வொரு படியிலும் கூர்மை குறைந்தது. புரொஜக்டரிலும் ஃபிலிம் நூலிழை அளவேனும் ஆடியது. நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரிண்ட் நம் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேரும்போது கதாநாயகன் கீறல்களின் மழையில் நனைந்துகொண்டே வெயில் காட்சியில் நடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் கூட்டமைப்பு 2005இல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிகள் 2048×1080, 4096×2160 என்னும் இரு அளவுகளை நிர்ணயித்தன. அம்முறையில் முதற்காட்சியின் கோப்பும் நூறாவது காட்சியின் கோப்பும் அணுவளவும் வேறுபடுவதில்லை.

நெகடிவின் பெருமையோ காலம் கழித்தே வெளிப்படுகிறது. 65 மில்லிமீட்டர் நெகடிவில் எடுக்கப்பட்டு 1962இல் வெளிவந்த லாரன்ஸ் ஆஃப் அரேபியா, ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 8கே அளவில் ஸ்கேன் செய்யப்பட்டு, 4கே அளவில் புத்துயிர் பெற்றது. அதற்கு நாற்பது ஆண்டு பிந்திய ஸ்டார் வார்ஸ் வரிசையின் அட்டாக் ஆஃப் தி க்ளோன்ஸ், சோனி கேமராவில் 1080 கோடுகள் கொண்டு பதிவாகி, அகலத்திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டதால் ஏறத்தாழ 800 கோடுகளே எஞ்சின. இல்லாத விவரத்தைப் பிற்காலத்து ஸ்கேனர் எதுவும் மீட்டுத்தர இயலாது. ஆயினும் ஃபிலிமின் முழு வளர்ச்சியை டிஜிட்டலின் குழந்தைப்பருவத்தோடு ஒப்பிடுதல் நியாயமன்று. 2010இல் வந்த ஆரி அலெக்ஸா கேமரா சுமார் 14 ஸ்டாப் அளவுக்கு ஒளிவேற்றுமையைத் தாங்குவதாக அதன் தயாரிப்பாளர் அறிவித்தனர். ஒவ்வொரு ஸ்டாப்பும் முந்தியதன் இருமடங்கு ஒளி என்பதை நோக்க, அது நெகடிவின் எல்லையை நெருங்கிய அளவு. அதன்பின் மாற்றம் விரைந்தது. 2013இல் ஃபூஜி நிறுவனம் திரைப்பட நெகடிவ் தயாரிப்பைக் கைவிட்டது.

தற்காலத்தில் ஃபிலிமில் எடுக்கும் படங்களும் பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கணினியிலேயே வர்ணம் திருத்தப்படுகின்றன. இதற்கு எதிர்த்திசையில் நடந்த விசித்திரமும் ஒன்றுண்டு. 2021இல் வெளிவந்த டூன் படத்தை ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃபிரேசர் டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். எடுத்ததை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் பதித்து, அந்த ஃபிலிமை மறுபடியும் ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கிய பின்னரே அது தியேட்டர்களுக்குச் சென்றது.