தட்டும் நாட்டும்

சென்ற ஆண்டு என் பேத்தியை நாட்டியம் பயில விடுத்தோம். நான்கு திங்கள் கழிந்தும் குழந்தை அரைமண்டியில் நின்று வலக்காலையும் இடக்காலையும் மாறி மாறித் தட்டினாளேயன்றி வேறொன்றும் பயின்றதாகத் தெரியவில்லை. வீட்டிலும் அதே ஓசைதான். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது வழக்கமாயிற்று. ஒரு நாள் பொறுமையிழந்து ஆசிரியையிடம், "கை முத்திரை ஒன்றேனும் கற்பிக்கலாகாதா, அம்மா?" என்றேன். அவர் சினவாமல், "கையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம், ஐயா, கால் கோணிவிட்டால் திருத்துவது அரிது" என்றார். அந்த விடையே என்னை நாட்டிய வரலாற்றின்பால் திருப்பியது.

பரதநாட்டியம் பயில்வோர்க்கு முதற்பாடம் நிற்றலே. பாதங்கள் இரண்டும் இணைந்து நேரே நிற்பது சமபாதம். குதிகால்கள் நெருங்கிப் பாதங்கள் இருபுறமும் திரும்ப, முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகு வளையாமல் தாழ்ந்து நிற்பது அரைமண்டி. இன்னும் தாழ்ந்து முன்பாதத்தில் அமர்வது முழுமண்டி. இந்நிலைகளிலிருந்தே அடவுகள் பிறக்கின்றன. பாதம் முழுவதும் நிலத்தில் படுமாறு அடிப்பது தட்டு. காலை நீட்டிக் குதிகாலை ஊன்றுவது நாட்டு. தட்டடவு, நட்டடவு என்னும் பெயர்களே செயலைச் சொல்லிவிடுகின்றன. "தெய்யா தெய்" என்று சொற்கட்டைச் சொல்லி, மனையில் கழியால் தட்டி, மூன்று காலங்களிலும் ஆசிரியர் இவற்றைப் பயிற்றுவார். முதற்காலத்தில் பிழையைக் கண் காணும். மூன்றாங்காலத்தில் கண் ஏமாந்தாலும் செவி ஏமாறாது.

இவ்வளவு நெடிய பயிற்சி இன்று நேற்று வந்ததன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்தாம் ஆண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவள் ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவும் தருகிறார் இளங்கோவடிகள். ஆடும் நிலத்தையே அளந்து அமைத்தவர்கள் அதன்மேல் படும் பாதத்தை அளவின்றி விட்டிருப்பார்களா?

பின்னர்த் தஞ்சைக்கு வருகிறோம். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் கல்வெட்டொன்று, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர், ஊர், தெரு, வீடு ஆகியவற்றுடன் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கல நெல் பெறும் பங்கு வகுக்கப்பட்டது. நட்டுவம் செய்தோரும் அதில் இடம்பெறுகின்றனர். அதே கோயிலின் விமானத்தில், மேல்தளத்தில், சிவபெருமானே ஆடிக்காட்டும் கரணங்கள் 81 செதுக்கப்பட்டுள்ளன. நூற்றெட்டில் எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அந்த வெறுங்கற்களின் முன் நின்றபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. செதுக்கிய கல்லும் ஒரு கணத்து நிலையைத்தான் காட்டுகிறது. அந்நிலைக்குக் கால் எப்படி வந்தது, அடுத்து எங்கே போகும் என்பதைக் கல் கூறாது. நூலும் பெயரையும் இலக்கணத்தையும் தரும். பாதம் எழுப்ப வேண்டிய ஓசையைத் தராது.

அதனைத் தந்தவர்கள் மனிதர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வரே அடவுகளை வகைப்படுத்தி, அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறையையும் ஒழுங்குசெய்தவர்கள். அவர்கள் குடும்ப வழியில் வந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பாலசரசுவதியின் ஆசானாகிய கந்தப்ப பிள்ளையும் அவ்வழியினரே. நட்டுவனார் வாயிலும் கழியிலும் இருந்த கலையைத் தம் கால்களில் தாங்கியவர்கள் கோயிலைச் சார்ந்து வாழ்ந்த பெண்கள்.

1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சிறுமியரைக் காத்த அச்சட்டம் வேண்டப்பட்டதே. ஆயினும் அவ்வழக்கத்தின்மேல் எழுந்த இகழ்ச்சி அவர்கள் கலைமீதும் விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பங்கள் பல சலங்கையைக் கழற்றி வைத்தன. அதற்கு முன்பே, 1935இல் அடையாற்றில் ஆடி, 1936இல் கலாட்சேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணிதேவியும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடத்தும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடத்தும் பயின்றவரே. மேடை மாறிற்று, ஆடுவோர் மாறினர், சதிர் என்ற பெயரும் மாறிற்று. அடவு மட்டும் அவர்களிடமிருந்தே வந்தது. நம் பெண்கள் இன்று எங்கே தட்டினாலும் அக்கடன் அந்தத் தட்டில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அடவை மட்டும் சொல்லிக்கொடுப்பது முறையாகாது.

இதை என் பேத்திக்கு அவள் வயதுக்கேற்றபடி சொன்னேன். எவ்வளவு விளங்கிற்றோ அறியேன். "தாத்தா, அந்த நானூறு பேருக்கும் கால் வலித்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். வலித்திருக்கும் என்றேன். அவள் எழுந்து அரைமண்டியில் நின்றாள். இப்பொழுதெல்லாம் மாலையில் அவள் தட்டும்போது நான் கதவைச் சாத்துவதில்லை.