வானூர்திப் புற ஆன்டெனாவுடன் கையடக்க வானொலியை இணைத்தல்

கையடக்க வானொலியைப் புற ஆன்டெனாவுடன் இணைத்தல் என்பது, சிறிய வானூர்தியின் மின்னமைப்பு செயலிழக்கும்போது, தனி மின்கலத்தால் இயங்கும் மாற்று வானொலிக் கருவியை வானூர்தியின் வெளிப்புற ஆன்டெனா வழியாகப் பயன்படுத்தும் ஏற்பாடு ஆகும்.

தேவை

செஸ்னா 172 போன்ற பெரும்பாலான சிறிய வானூர்திகளின் பெட்ரோல் பொறிகளில் மேக்னெட்டோக்களே தீப்பொறியை உண்டாக்குகின்றன. ஆகவே ஆல்டர்னேட்டர் பழுதடைந்து மின்கலம் தீர்ந்தாலும் பொறி தொடர்ந்து இயங்கும், வானொலியோ அடங்கிவிடும். தெளிந்த வானிலையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் ஒளிச் சைகைகளைக் கொண்டு விமானி தரையிறங்கலாம். நிலையான பச்சை ஒளி தரையிறங்க அனுமதியையும், நிலையான சிவப்பு ஒளி பிற வானூர்திகளுக்கு வழிவிட்டுச் சுற்றிவர வேண்டும் என்பதையும் குறிக்கும். முகிலுக்குள் இச்சைகைகள் தெரியா. தொடர்பு இழப்பை அறிவிக்கும் 7600 என்ற குறியீட்டை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரும் மின்சாரமின்றி இயங்காது.

கையடக்கக் கருவியின் வரம்பு

வான்தொடர்பு வானொலி 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவெண்களில், வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்குகிறது. கையடக்கக் கருவிகளின் சுமப்பலைத் திறன் ஏறத்தாழ 1.5 வாட் மட்டுமே. எனினும் பெரிய தடை இத்திறன் குறைவன்று. கருவியின் குட்டையான இரப்பர் ஆன்டெனா வானூர்தியின் உலோக உடலுக்குள் அடைபட்டிருப்பதே முதன்மைக் காரணம். வெளிப்புற ஆன்டெனா சுமார் 60 செ.மீ. நீளமான கால் அலைநீளக் கம்பியாகும். உலோக மேற்பரப்பு அதற்குத் தரைத்தளமாக உதவுகிறது. அது இயங்க மின்சாரம் தேவையில்லை என்பதால், மின்னமைப்பு முற்றிலும் செயலிழந்த பின்னரும் பயன்படும். 1000 மீட்டர் உயரத்தில் வானொலித் தொடுவானம் சுமார் 130 கி.மீ. தொலைவில் இருப்பதால், குறைந்த திறனும் நெடுந்தூரம் எட்டும்.

இணைக்கும் முறை

கருவிப் பலகைக்குப் பின்னாலுள்ள ஆன்டெனா வடத்தைப் பறக்கும்போது அணுகுவது கடினம். ஆகவே அவ்வடத்தின் இடையே ஒரு மாற்றுச் செருகுவாய் முன்கூட்டியே பொருத்தப்படுகிறது. வழக்கமான நிலையில் அது ஆன்டெனாவை நிலையான வானொலியுடன் இணைத்திருக்கும். செருகியை நுழைத்தவுடன் நிலையான வானொலி துண்டிக்கப்பட்டு, கையடக்கக் கருவி ஆன்டெனாவுடன் இணையும். இடைவடம் 50 ஓம் மின்மறுப்பு உடையதாகவும், அதன் மறுமுனை கருவியின் இணைப்பிக்குப் பொருந்துவதாகவும் இருத்தல் வேண்டும். பொறியின் இரைச்சலில் உரையாடத் தலையணி ஒலிவாங்கிக்கான இணைப்பியும் தேவை.

தவிர்க்க வேண்டியவை

* இரு வானொலிகளையும் "டி" வடிவ இணைப்பியால் ஒரே ஆன்டெனாவில் இணைத்தல் கூடாது. ஒன்று அனுப்பும் ஆற்றல் மற்றதன் ஏற்பியைப் பழுதாக்கக்கூடும்.
* வழிகாட்டும் வி.ஓ.ஆர். ஆன்டெனா கிடைநிலை முனைவாக்கம் உடையது. தொடர்பு வானொலி செங்குத்து முனைவாக்கத்தில் இயங்குவதால், அதனைப் பயன்படுத்தினால் குறிகை வெகுவாக வலுவிழக்கும்.

முன்னேற்பாடு

சான்றளிக்கப்பட்ட வானூர்திகளில் இச்செருகுவாயைத் தகுதிபெற்ற பராமரிப்பாளரே பொருத்த வேண்டும். மின்கலம் முழுமையாக மின்னேற்றப்பட்டிருப்பதையும், அருகிலுள்ள நிலையங்களின் அலைவெண்களுடன் 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவெண்ணும் பதிவாகியிருப்பதையும் பறப்பதற்கு முன் சரிபார்த்தல் நன்று. தனியாகப் பறப்பவர் ஒரு கையால் வானூர்தியைச் செலுத்தியவாறே இரப்பர் ஆன்டெனாவைக் கழற்றி வடத்தை இணைக்க நேரிடும். எனவே இச்செயலைத் தரையிலேயே பழகிக்கொள்ள வேண்டும்.