காவிரிக் கடைமடைக் காட்டுவழிகள்

காவிரிக் கடைமடைக் காட்டுவழிகள் என இங்கே குறிக்கப்படுவன, பழைய தஞ்சை ஜில்லாவின் தென்கிழக்குக் கோடியில், காவிரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும், வேதாரண்யப் பெருஞ்சதுப்பின் கிழக்கு முனையிலுள்ள கோடியக்கரை வனத்திலும், மக்கள் காலாலும் படகாலும் நெடுங்காலம் சென்று பழகிய வழிகளாகும். இன்றைய நிர்வாகப் பிரிவினையில் முன்னது பெரும்பாலும் திருவாரூர் மாவட்டத்தையும் பின்னது நாகப்பட்டினம் மாவட்டத்தையும் சேரும். இரண்டுக்கும் இடையே, பாக் நீரிணைக்கு இணையாக, ஒரு மணல்மேட்டால் மட்டும் கடலினின்று பிரிக்கப்பட்டதாய்ச் சதுப்பு நிலம் நீண்டு கிடக்கிறது. காடு, கழி, சதுப்பு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக அங்கீகரிக்கப்பட்டது.

தஞ்சைத் தரணியில் காடு ஏது என்று கேட்பது நியாயமான கேள்வியே. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிளந்து, வழிநெடுக வாய்க்கால்களுக்கும் கன்னி வாய்க்கால்களுக்கும் நீரை ஈந்துகொண்டே செல்வதால், ஆற்றங்கரை முதல் ஆற்றங்கரை வரை ஒரு குழி நிலத்தையும் ஏர் விட்டுவைக்கவில்லை. ஆற்றோரத்து மரங்களென எஞ்சியவை தோப்புகளும் படுகை மூங்கில்களுமே. நன்னீர் வலுவிழந்து கடலின் உவர்ப்பு மேலோங்கும் எல்லையில்தான் நெல் பின்வாங்குகிறது. நெல் பின்வாங்கிய இடத்திலேதான் காடு தொடங்குகிறது. ஆகவே இக்காடுகள் யாருடைய தயாளத்தாலும் பிழைத்தவை அல்ல, உப்பால் பிழைத்தவை என்று சொல்வதே பொருந்தும். இவற்றினூடே செல்லும் வழிகளும் உல்லாச நடைக்கென அமைக்கப்பட்டவை அல்ல. வலைஞரும் விறகு வெட்டுவோரும் மாடு மேய்ப்போரும் தீர்த்த யாத்திரிகரும் தத்தம் காரியத்தை முன்னிட்டு இட்ட தடங்களையே பிற்காலத்தவர் காண்பதற்கென்று நடக்கிறார்கள்.

முத்துப்பேட்டைக் காட்டுக்குள் நடந்து புகுவது எளிதன்று. கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு, வளவனாறு ஆகியவை வந்து விழும் உப்பங்கழியைச் சுற்றி ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரவியிருக்கும் இக்காட்டில், முக்காலே மூன்று வீசம் அலையாத்தி மரமே நிற்கிறது. சேற்றுக்குள் காற்றில்லாமையால் அம்மரம் தன் மூச்சுவேர்களைத் தரைக்கு மேலே ஆயிரக்கணக்கில் நிமிர்த்தி வைத்திருக்க, அவற்றினிடையே கால் வைப்பவன் முழங்காலளவு புதைகிறான். இடையிடையே தில்லை மரமும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் துன்பம் விளைக்குமாதலால், பழகியவர்கள் அதன் கிளையை ஒடிப்பதில்லை. இக்காரணங்களால் இங்கே ராஜபாட்டை என்பது தண்ணீரே. ஜாம்புவானோடைப் பக்கத்திலிருந்து படகேறிக் கோரையாற்றின் போக்கிலே சென்றால், இருகரையும் முதலில் வயலும் இறால் பண்ணையுமாய் இருந்து, பின் உமரி படர்ந்த உவர்நிலமாகி, முடிவில் மரச்சுவராக நெருங்கி, திடுமெனக் கழியின் அகன்ற நீர்ப்பரப்பில் திறந்துவிடுகின்றன. கழியோரத்தில் வனத்துறையினர் மரங்களினூடே மரப்பலகை நடைபாதையொன்றை அமைத்தனர். அலையாத்தியின் அடிப்பகுதியைச் சேறு படாமல் அருகிருந்து காண அதுவே வசதியான வழி.

எனினும் இக்காட்டின் மெய்யான வழிகள் மனிதர் வெட்டிய வாய்க்கால்களே. கழியோரக் கிராமத்தார் மீன் பிடிப்பதற்காகக் காட்டினூடே வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறும்போது உள்ளே வரும் மீனையும் இறாலையும் வடியும்போது வலையிட்டுப் பிடிப்பது பழைய வழக்கம். இவ்வாய்க்கால்களின் ஓரத்தில் மட்டும் மரங்கள் செழித்து நின்றமை பின்னொரு காலத்தில் பேருதவியாயிற்று. ஆங்கிலேயர் நாளிலிருந்து நெடுங்காலம் இக்காடு பகுதி பகுதியாக முறைவைத்து அடியோடு வெட்டப்பட்டது; வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அது தழைக்கவில்லை. நிழலிழந்த களித்தரை வெயிலில் ஈரம் வற்றிச் சற்றே அமிழ்ந்து குழிவாக, ஏறிய ஓதநீர் வடிந்து திரும்பாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் ஆவியாகி, கடல்நீரினும் மிகுந்த உவர்ப்பை மண்ணில் விட்டுச் சென்றது. அலையாத்தி விதையும் முளைக்கவியலாத பொட்டல்கள் காட்டின் நடுவே இவ்வாறு உண்டாயின. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரோடு கூடி இப்பொட்டல்களில் புதிய வாய்க்கால்களை வெட்டின. மீனின் நடுமுள்ளும் பக்கமுள்ளும் போல ஒரு பெருவாய்க்காலும் அதனின்று சாய்வாகப் பிரியும் சிறுவாய்க்கால்களும் அமைந்து, ஓதம் தடையின்றி ஏறி வடியலாயிற்று; உவர்ப்புக் குறைந்தது; கரைகளில் நட்ட கன்றுகள் மரமாயின. வண்டல் படிந்து இவை தூர்ந்துவிடுமாதலால் காலந்தோறும் தூர் வாரியாக வேண்டும். ஆற்றுப்பாசனத்தில் குடிமராமத்தை அறிந்த நாட்டார்க்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

கோடியக்கரை முற்றிலும் வேறான பூமி. அங்கே தரை மணல். காடு, பாலை மரம் மிகுந்த, வறண்டதாயினும் பசுமை மாறாத காடு. கால் புதைவதில்லை, முள் தைக்கிறது. வெளிமான்களின் பாதுகாப்பை முன்னிட்டு 1967இல் சரணாலயமாக்கப்பட்ட இவ்வனத்தின் பரப்பு ஏறத்தாழ 21 சதுர கி.மீ. வேதாரண்யத்திலிருந்து தெற்கே வரும் சாலையினின்று பிரியும் மணல்தடங்கள் புதரடர்ந்த காட்டையும் திறந்த புல்வெளியையும் மாறிமாறிக் கடக்கின்றன. முறுக்கிய கொம்புடைய கருநிறக் கலைமானையும் அதன் பிணைக்கூட்டத்தையும் அப்புல்வெளிகளிலே காணலாம். வளர்ப்பினின்று விடுபட்டுக் காட்டுவாழ்வுக்குத் திரும்பிய மட்டக்குதிரைகள் இங்கே மந்தையாகத் திரிகின்றன. இவை பிற வனங்களில் அரிதாய்க் காணும் காட்சி. இராமர் பாதம் என்னும் மணல்மேடே இவ்வனத்தின் உச்சி. இராமபிரான் இங்கு நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதிகம். அதன் உயரம் நான்கு மீட்டரளவே. ஆனால் அணைக்கரையையும் ஆற்றுக்கரையையும் தவிர மேடு கண்டறியாத தஞ்சை நாட்டார்க்கு அது மலையே. மழைக்காலம் தொடங்கியபின் சதுப்பின் ஓரத்துத் தடங்களில் பூநாரை, கரண்டிவாயன், உள்ளான் இனங்கள் முதலியவற்றைக் காண்பதற்கென்றே பலர் வருகின்றனர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இவ்விடத்தில் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். சீமைக்கருவேல் புல்வெளிகளை ஆக்கிரமித்து வருவதே மான்களுக்கு இன்று பெருங்கேடு.

இவ்வழிகளில் நடந்தோருள் மூத்தவர் யாத்திரிகரே. கோடியக்கரைக் கோடிக்குழகர் கோயில் சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற ஸ்தலம்; கடற்கரையில் துணையின்றி இறைவன் தனித்திருத்தலை எண்ணி அவர் இரங்கியது அப்பதிகத்தின் பொருள். ஆதிசேது எனப்படும் கோடியக்கரைக் கடலில் ஆடி, தை அமாவாசைகளில் நீராட வரும் கூட்டம் இன்றும் குறையவில்லை. பின்னாளில், உப்புச் சத்தியாகிரகத்தின்பொருட்டு 1930 ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியினின்று புறப்பட்டு, கும்பகோணம், மன்னார்குடி வழியாகச் சுமார் 150 மைல் நடந்து, 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்த ராஜாஜியின் தொண்டர்படை, 30ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்தது. வயல்நாட்டின் வழியெல்லாம் அவர்களுக்கு அன்னமிட்டவர்களைத் தண்டிப்பதாகத் தஞ்சைக் கலெக்டர் தார்ன் அச்சுறுத்தியும் உபசாரம் நிற்கவில்லை.

புயல்கள் இவ்வழிகளை அடிக்கடி அழித்து எழுதுகின்றன. 1952 நவம்பர் 30ஆம் நாள் வீசிய புயல் இக்கடற்கரையைச் சூறையாடிற்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில், சோழர் காலத்ததாகச் சொல்லப்படும் கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் வீழ்ந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையேறிய கஜா புயல் கோடியக்கரையின் முதுமரங்களைச் சாய்த்து, மான்களையும் பறவைகளையும் மாய்த்து, முத்துப்பேட்டை அலையாத்தியை இலையற்ற குச்சிகளாக்கிச் சென்றது.

வனத்துறையின் அனுமதியின்றி இரு காடுகளிலும் பிரவேசிக்கலாகாது. முத்துப்பேட்டையில் படகோட்டியையும் கோடியக்கரையில் வனக்காவலரையும் உடனழைத்துச் செல்வது விவேகம். பறவைகளை நாடுவோர்க்கு நவம்பர் முதல் ஜனவரி வரையும், மழை ஓய்ந்த உலர்ந்த தடங்களை விரும்புவோர்க்கு மாசி மாதமும் ஏற்றவை. முன்னொரு காலத்தில் கோடியக்கரை வரையிலும் சென்ற மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோய்ப் பல்லாண்டுகளான பின், திருத்துறைப்பூண்டியிலிருந்து அகன்ற பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆனால் அது அகஸ்தியம்பள்ளியோடு முடிவதால், அங்கிருந்து வனத்துக்குப் பஸ்ஸிலோ கால்நடையாகவோதான் செல்ல வேண்டும்.