புகை படிந்த கூரை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "சார், ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், ஏற்கனவே பதினாலு கட்டுரை வந்துடுச்சு. நீங்க ஹிஸ்டரி ஆள், சரித்திரமா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். இருந்தாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, இங்கிலாந்தில் நான் பார்த்த ஒரு பழைய விவசாயி வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் லண்டனில் அரண்மனை, கோபுரம் எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. நாம் வகுப்பில் படித்ததும் ராஜாக்களின் சரித்திரம்தான். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை வரிசையாக ஒப்பித்தோமே தவிர, அந்தக் காலத்தில் உழுதவன் எந்த மாதிரி வீட்டில் படுத்து எழுந்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை, சொல்லிக் கொடுத்ததுமில்லை. அந்தக் குறையோடுதான் மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊருக்குப் போனேன். அங்கே 1970இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. வீல்ட் அண்ட் டவுன்லாண்ட் என்று பெயர். இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து புல்வெளியில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் நான் அதிக நேரம் நின்றது பேலீஃப் என்ற பண்ணை வீட்டில்.

பேலீஃப் இருந்த இடம் கென்ட் மாவட்டத்தில் சிடிங்ஸ்டோன் பக்கம். போ பீச் நீர்த்தேக்கம் கட்டத் திட்டம் வந்ததால் அந்த வீடு போக வேண்டியதாயிற்று. 1968-69இல் ஒவ்வொரு மரமாகப் பிரித்து, எண் போட்டு, சிங்கிள்டனுக்குக் கொண்டு வந்தார்கள். 1972இல் மறுபடி எழுந்து நின்றது. ஒரு வீட்டை இப்படிப் பெயர்த்து எடுத்து வேறிடத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்கலாம். செங்கல் வீடென்றால் பாடுதான். மரச்சட்ட வீடு என்பது முதல் நாளிலிருந்தே பிரித்துப் பூட்டும் சாமான்.

அதைச் சற்று விளக்க வேண்டும். சுவர் பாரம் தாங்குகிற கட்டடம் இல்லை இது. தூண், உத்திரம், குறுக்குச் சட்டம் எல்லாம் ஓக் மரம், அவைதான் வீட்டைத் தாங்குகின்றன. தச்சர்கள் முதலில் தரையில் சட்டங்களைக் கிடத்தி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்குள் போகவேண்டும் என்று மரத்தில் ரோமன் எண்களைக் கீறிவிடுவார்கள். (நான்குக்கு நான்கு கோடு, ஒன்பதுக்கு ஐந்தின் குறியோடு நான்கு கோடு. நம் வகுப்பில் அப்படி எழுதியிருந்தால் வாத்தியார் பிரம்பை எடுத்திருப்பார்.) பிறகு எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிமிர்த்துவார்கள். ஆணி கிடையாது, மர முளைதான். துளைகளை நேருக்கு நேராக இல்லாமல் ஒரு நூல் தள்ளித் துளைப்பார்கள். முளையை அடித்து இறக்கும்போது இரண்டு சட்டமும் இழுபட்டு இறுகிக்கொள்ளும். மரத்தைக் காயவிடுவதும் இல்லை, பச்சையாகவே இழைப்பார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்காது. கட்டிய பிறகு மரம் காயும், சுருங்கும், கொஞ்சம் கோணும். அந்த வீடுகளின் கோணல் அழகு என்று சுற்றுலாக்காரர்கள் படம் பிடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

மூலைத் தூண்களைப் பார்த்தபோது தலைப்பக்கம் பருத்திருந்தது. எனக்கு விளங்கவில்லை. அங்கிருந்த வழிகாட்டி ஒரு வயதான அம்மையார். "மரத்தைத் தலைகீழா நிறுத்தியிருக்காங்க, வேர்ப்பக்கம் மேலே" என்றார். அடிமரம் பருமனானது அல்லவா? சுவர் உத்திரமும் குறுக்கு விட்டமும் ஒரே இடத்தில் வந்து சேரும்போது இத்தனை கழுந்துக்கும் இடம் கொடுக்கப் பருமன் வேண்டும். அதனால் கவிழ்த்துவிட்டார்கள்.

சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் கழிகளைப் பின்னி, களிமண், வைக்கோல், சாணம் கலந்து அப்பியிருக்கிறார்கள். சாணம் என்றதும் என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேள்வி வேறு.

இனி வீட்டின் அமைப்பு. நடுவில் கூடம், இரு பக்கமும் இரண்டடுக்கு அறைகள். பக்க அறைகளின் மாடித் தளக் கட்டைகள் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் மாடிச் சுவர் நிற்கும். கூடத்துக்கு மாடி கிடையாது, ஆகவே நீட்டுவதற்குக் கட்டையும் கிடையாது. அது உள்ளொடுங்கி நிற்கிறது. ஆனால் கூரை மொத்தத்துக்கும் ஒரே நேர்க்கோடு. கூடத்துக்கு முன்னால் அந்தரத்தில் ஓடும் உத்திரத்தை வளைந்த இரண்டு தாங்கு கட்டைகள் ஏந்தி நிற்கும். இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர், கென்ட் பகுதியில் நிறைய உண்டு.

உள்ளே போனால் இருட்டு. கண் பழகச் சற்று நேரமாகும். ஜன்னலில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக் கம்பிகளும் உள்ளே அடைக்கக் கதவும்தான். கூடத்தின் நடுவில், தரையில், அடுப்பு. புகைபோக்கி இல்லை! புகை எழும்பி, கூரையைத் தடவி, ஓட்டு இடுக்கில் வெளியேற வேண்டியதுதான். கூடத்தின் ஒரு கோடியில் எதிரெதிரே இரண்டு வாசல், அதையொட்டிச் சாமான் அறைகள் இரண்டு, ஒன்று பானங்களுக்கு, மற்றது உணவுப் பண்டங்களுக்கு. எதிர்க் கோடியில் வீட்டுக்காரரின் மேசை, அதற்குப் பின்னால் அவருடைய தனி அறைகள். வாசலிலிருந்து எத்தனை அடி தள்ளி உட்காருகிறாய் என்பதிலேயே உன் அந்தஸ்து தெரிந்துவிடும்.

இந்த வீட்டுக்கு ஒரே வயது அல்ல. மரத்தின் ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து, வயது தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கூடமும் சாமான் அறைப் பக்கமும் 1405க்கும் 1430க்கும் இடையில், வீட்டுக்காரரின் அறைப்பக்கம் 1505-1510 வாக்கில். நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் கையில் காசு சேர்ந்து வீட்டை நீட்டியிருக்கிறார்.

இங்கேதான் எனக்கும் வழிகாட்டி அம்மையாருக்கும் ஒரு சிறு வாக்குவாதம். பிற்காலத்தில் அந்த வீட்டில் இருந்தவர்கள் கூடத்துக்குள் புகைபோக்கி கட்டி, குறுக்கே மேல்தளமும் போட்டுவிட்டார்கள். பெரும்பாலான கூட வீடுகளின் கதை அதுதான். சிங்கிள்டனில் திரும்பக் கட்டும்போது அவற்றை விட்டுவிட்டு, பழைய திறந்த கூடத்தையே கொண்டுவந்தார்கள். உள்ளே இருக்கும் மேசை, பெட்டி, கட்டில் எல்லாம் சுமார் 1540க்கு உரியவை மாதிரி புதிதாகச் செய்தவை. "அப்படியானால் புகை இல்லாமல் சமைத்த அத்தனை தலைமுறையின் சரித்திரத்தையும் நீங்கள் துடைத்து எறிந்துவிட்டீர்களே?" என்று கேட்டேன். பழைய மாணவனாக இருந்தாலும் கேள்வி கேட்கிற புத்தி போகவில்லை.

அவர் கோபப்படவில்லை. "எல்லாக் காலத்தையும் ஒரே வீட்டில் காட்ட முடியாது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும். அங்கே போய் அந்த வீட்டையும் பாருங்க" என்று கையைக் காட்டினார். அது பென்டீன் என்ற வீடு, 1609ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் செங்கல் புகைபோக்கி, அதைச் சுற்றி அறைகள், மேலேயும் அறைகள். புகையைக் குழாய்க்குள் அடக்கியதும் கூரைக்குக் கீழே இருந்த வெற்றிடம் அறையாகிவிட்டது. எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த கூடமும் அதோடு போயிற்று. பேலீஃபிலிருந்து அங்கே நடந்து போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பாதி ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதி இன்றும் உறுத்துகிறது. ஒரு வீட்டில் வாழ்ந்தவர்கள் செய்த மாற்றமும் அந்த வீடுதானே?

அருங்காட்சியகத்தார் தவறே செய்யாதவர்கள் என்றும் சொல்ல வரவில்லை. அதே நீர்த்தேக்கத் திட்டத்துக்காகப் பிரிக்கப்பட்ட விங்க்ஹர்ஸ்ட் என்ற சிறு கட்டடத்தை முதலில் தனி வீடு என்று எண்ணி நிறுத்தினார்கள். பின்னால் ஆராய்ந்ததில் அது சமையற்கட்டு என்று முடிவாயிற்று. வெட்கப்படாமல் மறுபடியும் பிரித்து, வேறிடத்தில் சமையற்கட்டாகவே கட்டினார்கள். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். நாம் அச்சிட்ட பாடத்தை மாற்ற எவ்வளவு யோசிக்கிறோம்!

இன்னொன்று. இத்தகைய வீடுகளில் உபயோகமில்லாத பழைய துளைகள் தென்பட்டால், "இது பழைய கப்பல் மரம்" என்று உள்ளூரில் கதை சொல்வார்கள். கடலே இல்லாத ஊரிலும் சொல்வார்கள். பெரும்பாலும் அது வேறு வீட்டிலிருந்து எடுத்த மரமாக இருக்கும், அல்லது எடுத்துவிட்ட ஒரு சட்டத்தின் துளையாக இருக்கும். சட்டத்துக்குக் கறுப்பும் சுவருக்கு வெள்ளையும் அடிப்பதுகூடப் பல இடங்களில் 19ஆம் நூற்றாண்டில் பரவிய பழக்கம்.

கிளம்பும் முன் கூடத்தில் மறுபடி போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். கைமரங்கள் கன்னங்கரேலென்று இருந்தன. அவற்றைப் பிரித்து, லாரியில் ஏற்றி, மாவட்டம் தாண்டிக் கொண்டுவந்தும் அந்தக் கரி போகவில்லை. கூடம் திறந்த கூடமாக இருந்தது என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் காட்டும் முக்கியமான சாட்சி அதுதான். கீழே அன்றைக்கும் அடுப்பு மூட்டியிருந்தார்கள். "போதும், கண் எரியுது, வாங்க" என்று மனைவி வாசலில் நின்று கூப்பிட்டார். என் சட்டையில் அந்த வாசனை இரண்டு நாள் இருந்தது.