வேலூரில் தொழுநோயாளர் பராமரிப்பும் மறுவாழ்வும்

தொழுநோய் தோல் நோயாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. உண்மையில் அது நரம்புகளையும் தாக்கும் நோய். இதற்குக் காரணமான கிருமியை 1873ஆம் ஆண்டு நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்தார். முழங்கையருகே செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் விரல்கள் கொக்கி போல வளைகின்றன. கணுக்கால் நரம்பு பாதிக்கப்பட்டால் உள்ளங்கால் உணர்விழக்கிறது.

அறுவை சிகிச்சை

1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல் மடங்கிய ஒரு நோயாளியின் பிடி வலிக்கும் அளவுக்கு வலுவாக இருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியது. கையின் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பது இதனால் புலனாயிற்று. நலமாக உள்ள தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு விரலில் இணைக்கும் அறுவை சிகிச்சையை அவர் தொழுநோயாளருக்குச் செய்தார். அதன்பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. பிறகு, இடம் மாறிய தசையைப் புதிய வேலைக்குப் பழக்க இயன்முறைப் பயிற்சி தேவைப்பட்டது.

விரல்கள் குறைவது ஏன்?

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. சிகிச்சை பெற்றவர்கள் தங்கித் தொழில் கற்க வேலூரில் தொடங்கப்பட்ட புதுவாழ்வு மையத்தில் இதற்கு விடை கிடைத்தது. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடப்பட்டது. சூடான பாத்திரம், கருவியின் கைப்பிடி, செருப்பில்லா நடை எனக் காரணங்கள் தெரியவந்தன. இரவில் காணாமற்போன விரல்பகுதிகளை எலிகள் கடித்திருந்தன. வலி தெரியாததால் உறங்கியவர் விழிக்கவில்லை. எலிகளை விரட்டப் பூனைகள் வளர்க்கப்பட்டன.

பராமரிப்பு முறை

வலி செய்யும் காவலைக் கண்கள் செய்ய வேண்டும் என்பதே பராமரிப்பின் அடிப்படையாயிற்று. அதன் முக்கியக் கூறுகள்:

- கை, கால்களை நாள்தோறும் பார்த்துச் சிவப்பு, கொப்புளம், வெடிப்பு உள்ளதா என அறிதல்
- நீரில் ஊறவைத்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுதல்
- சூடான பாத்திரங்களைத் துணியால் பிடித்தல்
- எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் செருப்பு அணிதல்
- பாதத்தில் புண் இருந்தால் மாவுக்கட்டிட்டு ஓய்வு தருதல்

மறுவாழ்வு

கை சீரானாலும் ஊரார் வேலை தராத நிலை இருந்தது. விரல் நிமிர்ந்ததால் பிச்சை கூடக் கிடைக்கவில்லை என்று சிலர் முறையிட்டனர். எனவே தச்சு போன்ற தொழில்களும் சிகிச்சையின் பகுதியாயின. 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இன்று

1980களில் பரவலான கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை அழித்துவிடும். ஆனால் நெடுநாள் செயலிழந்த நரம்புகள் பெரும்பாலும் மீள்வதில்லை. ஆகவே நோய் குணமான பின்பும் அன்றாடப் பராமரிப்பு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியுள்ளது. உணர்விழந்த தேமலைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை பெற்றால், பெரும்பாலும் ஊனமின்றியே குணமடையலாம்.