ஒரு வங்கி வீடு மாறிய கதை

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை, பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி தனது இணையவழிச் சேவைகளை மூடியது. ஞாயிறு மாலை மீண்டும் திறந்தது. இந்த இரண்டு நாட்களுக்குள் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகள் ஒரு கணினி அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டன. திறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே முறைப்பாடுகள் வரத் தொடங்கின. தமது கணக்கைத் திறந்த சிலருக்கு முன்பின் அறியாத ஒருவரின் கணக்கு விபரம் தெரிந்தது. 19 இலட்சம் பேர் வரை தமது கணக்குக்குள் நுழைய முடியாது தவித்தனர். நிலைமை வழமைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆகிவிட்டது.

ஆச்சரியம் என்னவென்றால், கணக்குத் தரவுகள் எவையும் வழியில் தொலையவில்லை. அவை ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. போய்ச் சேர்ந்த வீடுதான் குடியிருக்க ஆயத்தமாக இருக்கவில்லை.

இவ்வங்கியின் வேர் 1810இல் ஸ்கொட்லாந்தின் ரத்வெல் என்ற சிற்றூரில், ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் ஏழை எளியவர்களுக்காகத் தொடங்கிய சேமிப்பு வங்கி வரை செல்கின்றது. 1995இல் அது லொயிட்ஸ் வங்கியுடன் இணைந்தது. 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் லொயிட்ஸ் அரசாங்கப் பணத்தால் காப்பாற்றப்பட்டபோது, அதற்கு விலையாகத் தனது கிளைகளில் ஒரு பகுதியைக் கைவிட வேண்டுமென ஐரோப்பிய ஆணைக்குழு நிபந்தனை விதித்தது. அவ்வாறு 2013இல் ரி.எஸ்.பி. மீண்டும் தனி வங்கியாயிற்று. பெயர்ப்பலகை மாறியதே தவிர, கணினிகள் லொயிட்ஸினுடையவையாகவே இருந்தன. தனிக்குடித்தனம் போன மகன் தாய்வீட்டு அடுப்பிலேயே சமைத்த கதைதான். அடுப்புக்கு வாடகையும் கொடுக்க வேண்டியிருந்தது.

2015இல் ஸ்பானிய வங்கியான சபடெல் 170 கோடி பவுணுக்கு ரி.எஸ்.பி.யை வாங்கியது. சபடெலிடம் ‘புரொத்தியோ’ என்ற சொந்த மென்பொருள் இருந்தது. அதனைப் பிரித்தானியாவுக்கு ஏற்பத் திருத்தி அமைத்தால் லொயிட்ஸின் தயவு வேண்டியதில்லை என்பது திட்டம். மாற்றத்துக்கான செலவுக்கென லொயிட்ஸ் 45 கோடி பவுண் தரவும் இணங்கியிருந்தது. 2017 நவம்பர் என நாளும் குறிக்கப்பட்டது.

அந்த நாளில்தான் வில்லங்கம் தொடங்கியது. பின்னர் வங்கியின் பணிப்பாளர் சபையே கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஸ்லோட்டர் அன்ட் மே என்ற சட்ட நிறுவனம் விசாரித்து, 2019 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையை நான் ஒரு செய்தியாளனின் கண்ணோடு படித்தேன். நிறுவனமொன்றில் வேலை செய்யும் எவரும் அதனைப் படிக்கலாம். முதலில் முடிவு நாளைத் தீர்மானித்துவிட்டு, அதற்குள் அடங்குமாறு வேலைகளைப் பின்னோக்கி அடுக்கியிருந்தார்கள் என்கிறது அது. 2017 செப்டெம்பரில், நவம்பருக்குள் முடியாது என்பது தெளிவானபோது, திகதி அடுத்த ஆண்டின் முதற் காலாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வேலை எவ்வளவு பிந்தியிருக்கின்றது, ஏன் பிந்தியது, சில மாத அவகாசம் போதுமென எவ்வாறு சொல்கின்றீர்கள் என்று சபையில் அழுத்திக் கேட்டவர் இல்லை.

பரிசோதனை நடந்த விதம் இன்னும் விசித்திரமானது. புதிய அமைப்பு இரண்டு தரவு நிலையங்களில் ஒரே நேரத்தில் இயங்கவேண்டியது. பெருந்தொகையானோர் ஒரேயடியாக வந்தால் தாங்குமா என்ற சோதனையோ ஒரு நிலையத்தில் மட்டும் நடத்தப்பட்டது. இரண்டும் ஒன்றுபோல அமைக்கப்படவில்லை என்பது வாடிக்கையாளர் வந்த பின்னரே தெரியவந்தது. சபடெலின் கணினிப் பிரிவு, ஆயத்தமாக உள்ளோம் என்று எழுத்தில் உறுதி வழங்கியிருந்தது. கூர்ந்து படித்தால், அது ஆயத்தமாகி விடுவோம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, அமைச்சர்களின் அறிக்கைகளை ஆண்டுக்கணக்கில் வாசித்த எந்தப் பத்திரிகைக்காரனும் கண்டுபிடித்திருப்பான்!

இதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்காவின் பெயர்பெற்ற சொக்கலேற் நிறுவனமான ஹேர்ஷி இதே பள்ளத்தில் விழுந்தது. 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு பற்றிய அச்சம் உலகை ஆட்டிய காலம் அது. 11 கோடியே 20 இலட்சம் டொலர் செலவில் எஸ்.ஏ.பி. உள்ளிட்ட மூன்று மென்பொருள்களை ஒருங்கே நிறுவ முற்பட்டார்கள். 48 மாதங்கள் வேண்டுமெனப்பட்ட வேலையை 30 மாதங்களுக்குள் முடிக்கத் திட்டமிட்டார்கள். ஏப்ரலில் நடக்கவேண்டிய மாற்றம் 1999 ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஒக்டோபர் இறுதியில் வரும் ஹலோவீன் பண்டிகைக்காகக் கடைக்காரர்கள் இனிப்புக்குக் கட்டளை கொடுக்கும் பருவம் அதையடுத்து வருவது. நம்மூரில் தீபாவளிக்கு முதல் வாரம் புடைவைக்கடையில் கணக்குப்புத்தகத்தை மாற்றியது போன்ற காரியம்.

சுமார் 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை அனுப்ப இயலவில்லை. சொக்கலேற் இல்லாமலில்லை, இருந்தது. பண்டிகை நெருக்கடியில் தொழிற்சாலைகளின் மூலைமுடுக்கெல்லாம் பெட்டிகளை அடுக்கிவைப்பது அங்கிருந்தோரின் பழைய வழக்கம். அந்த இடங்கள் எந்த ஏட்டிலும் களஞ்சியம் எனப் பதிவாகியிருக்கவில்லை. மனிதருக்குத் தெரிந்திருந்தது, கணினிக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் காலாண்டில் இலாபம் 19 வீதத்தால் வீழ்ந்தது. 2002இல் அதே நிறுவனம் அடுத்த கட்ட மாற்றத்தைச் செய்தபோது பரிசோதனைக்கும் ஊழியர் பயிற்சிக்கும் போதிய காலம் ஒதுக்கி, குறித்த நாளுக்கு முன்னரே முடித்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதனை எழுதும்போது நான் பணியாற்றிய ஒரு பத்திரிகையின் ஞாபகம் வருகின்றது. ஈய எழுத்துக்களைக் கைவிட்டுக் கணினிக்கு மாறிய நாட்கள். இயந்திரங்கள் வந்தன, பயிற்சி தந்தார்கள், திகதியும் குறித்தார்கள். அச்சுக்கோப்புப் பகுதியில் மூத்தவர் ஒருவர் இருந்தார். இரவு பிந்தி வரும் மரண அறிவித்தல்களை ஒரு கம்பியில் குத்திவைத்து, கடைசிப் பக்கம் பூட்டுவதற்கு முன்னர் தானே எடுத்துக் கோப்பார். அது எவரும் அவருக்கு இட்ட வேலையன்று. ஆகவே எந்தப் பட்டியலிலும் அது இல்லை. மாற்றத்தைத் திட்டமிட்ட கூட்டங்களுக்கு அவரை யாரும் அழைக்கவுமில்லை. புதிய முறையில் வெளிவந்த முதல் நாள் பத்திரிகை கண்ணைப் பறித்தது. மறுநாட் காலை ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். தாயாரின் இறுதிக்கிரியை அன்று பகல். அறிவித்தல் வரவில்லை. காசு கட்டிய பற்றுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டு, ஊரிலிருந்து வரவேண்டியவர்களுக்கு இனி எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டார். துண்டு கம்பியிலேயே இருந்தது. எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

ரி.எஸ்.பி.க்கு அந்த வார இறுதியால் ஏற்பட்ட செலவு 33 கோடி பவுண். ஓராண்டுக்குள் 2,25,492 முறைப்பாடுகள். நட்டஈடு 3 கோடியே 27 இலட்சம் பவுண். பிரதம நிறைவேற்று அதிகாரி போல் பெஸ்டர் 2018 செப்டெம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைகள் வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன. 2023 ஏப்ரலில் வங்கியின் முன்னாள் தகவல் தொழில்நுட்பத் தலைவர் கார்லோஸ் அபார்காவுக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் தண்டம் விழுந்தது. பணிப்பாளர் சபையில் கேள்வி கேளாதிருந்தவர்களுக்குத் தண்டம் எதுவும் விதிக்கப்படவில்லை.

2025 ஜூலையில் சபடெல் ரி.எஸ்.பி.யை 265 கோடி பவுணுக்கு சன்டாண்டர் வங்கிக்கு விற்க உடன்பட்டது. அதனைப் பிரித்தானியாவிலுள்ள தனது வங்கியுடன் இணைப்பதே நோக்கமென சன்டாண்டர் அறிவித்தது. அப்படியாயின் அந்தக் கணக்குகள் இன்னொரு முறை மூட்டை கட்ட வேண்டிவரும்.